நியூயார்க்கின் மெர்ச்சன்ட்ஸ் ஹவுஸ்: ஒரு பழைய வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

கேட்டிருந்தது இதுதான்: அடுத்த மாதம் அப்பா அம்மாவோடு நியூயார்க் வருகிறோம், பெரிய மியூசியங்களும் சுதந்திர தேவி சிலையும் ஏற்கனவே பட்டியலில் இருக்கின்றன, மன்ஹாட்டனில் ஈஸ்ட் ஃபோர்த் தெருவில் 1832-ல் கட்டிய வீடு ஒன்றை மியூசியமாக வைத்திருக்கிறார்களாமே, ஒரு பழைய வீட்டில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது, அதற்காக அரை நாளை ஒதுக்கலாமா?

ஒதுக்கலாம். அரை நாள்கூட வேண்டாம், ஒன்றரை மணி நேரம் போதும். ஒரே ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லிஃப்ட் கிடையாது. தெருவிலிருந்து வாசலுக்கே படியேற வேண்டும், உள்ளே அடித்தள சமையலறையிலிருந்து உச்சியில் இருக்கிற வேலைக்காரப் பெண்களின் அறைகள் வரைக்கும் படிதான். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முட்டி வலி இருந்தால் அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறிப் பார்க்கிற மாதிரி ஆகலாம், அங்கே எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று கேட்டுக்கொண்டு உட்காருங்கள், ஏனென்றால் பாதி நாற்காலிகள் காட்சிப் பொருட்கள்.

இனி, என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். உலகம் முழுக்கப் பழைய வீட்டு மியூசியங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு சின்ன ஏமாற்று உண்டு. வீடு நிஜம், பொருட்கள் இரவல். அந்தக் காலத்துக் கட்டில், அந்தக் காலத்துப் பீங்கான், அந்தக் காலத்துக் கடிகாரம் என்று ஏலத்திலும் பழம்பொருள் கடையிலும் வாங்கி நிரப்பியிருப்பார்கள். தப்பு என்று சொல்லவில்லை, வேறு வழியும் இல்லை, ஏனென்றால் வீட்டில் இருந்தவர்கள் போகும்போது சாமானை எடுத்துக்கொண்டுதானே போவார்கள். மெர்ச்சன்ட்ஸ் ஹவுஸ் வித்தியாசப்படுவது இங்கேதான். ட்ரெட்வெல் என்ற ஒரே குடும்பம் 1835-லிருந்து 1933 வரை, கிட்டத்தட்ட நூறு வருடம், அங்கேயே இருந்தது. கடைசி ஆள் செத்த மூன்று வருடத்தில் அது மியூசியமாகிவிட்டது. இடையில் காலி பண்ணிக்கொண்டு போனவர் யாருமில்லை. அதனால் நாற்காலி, விளக்கு, புத்தகம், தையல் வேலை, உடுப்பு என்று 3,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் அந்தக் குடும்பத்தினுடையவை. பெண்களின் உடைகள் மட்டும் சுமார் நாற்பது இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் காட்ட மாட்டார்கள், துணிக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் மாற்றி மாற்றி வைப்பார்கள்.

இது எப்படித் தப்பிப் பிழைத்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியமான பகுதி. யாரும் திட்டம் போட்டுக் காப்பாற்றவில்லை. அந்தக் குடும்பம் மெல்ல மெல்ல நொடித்துப்போனதால் தப்பியது. பணம் நிலைத்திருந்தால் அவர்களும் ஊரோடு ஒத்து மேற்கே வடக்கே நகர்ந்திருப்பார்கள், வீட்டை இடித்துப் பட்டறை கட்டியிருப்பார்கள்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். 1825-ல் ஈரி கால்வாய் திறந்தது. அமெரிக்காவின் உள்நாட்டுத் தானியமும் மரமும் ஹட்சன் ஆறு வழியாக நியூயார்க் துறைமுகத்துக்கு வர, வெளிநாட்டுச் சரக்கு அதே வழியில் உள்நாட்டுக்குப் போக, இடையில் நின்ற வியாபாரிகள் கொழித்தார்கள். 1830-ல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த ஊர் பத்தே வருடத்தில் 3 லட்சத்தைத் தாண்டியது. அதுவரை கடையும் வீடும் ஒரே இடத்தில், மன்ஹாட்டன் தீவின் தென்கோடியில், துறைமுகத்தை ஒட்டி இருந்தன. கீழே கிடங்கு, மேலே குடித்தனம். நெரிசல், நாற்றம், அடிக்கடி மஞ்சள் காய்ச்சல், 1832-ல் காலராவும் சேர்ந்துகொண்டது. காசு இருந்தவர்கள் வடக்கே நகர்ந்தார்கள். பாண்ட் தெரு, லஃபாயெட் பிளேஸ், ஈஸ்ட் ஃபோர்த் தெரு எல்லாம் அன்றைய புறநகர். இன்றைக்கு அந்த இடத்தை ஊரின் நடுப்பகுதிக்கும் கீழே என்று சொல்கிறோம், அன்றைக்கு அது ஊருக்கு வெளியே.

ஜோசப் ப்ரூஸ்டர் என்ற தொப்பி வியாபாரி அங்கே மனை வாங்கி விற்பனைக்காகக் கட்டியதுதான் இந்த வீடு. நம்மூர் பில்டர் மாதிரிதான், கொஞ்ச காலம் தானே இருந்து பார்த்துவிட்டு 1835-ல் சீபரி ட்ரெட்வெல் என்பவருக்கு 18,000 டாலருக்கு விற்றார். ட்ரெட்வெல் இரும்புச் சாமான் இறக்குமதி செய்தவர். பூட்டு, கீல், ஆணி, கருவிகள் என்று பேர்ல் தெருவில் மொத்த வியாபாரம். ஐம்பத்தைந்து வயதில் போதும் என்று அந்த வருடமே தொழிலை விட்டு ஒதுங்கினார். அவருக்கு நேரம் நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்: அதே 1835 டிசம்பரில் அந்த வியாபாரப் பகுதியையே பெருந்தீ தின்றது. கடுங்குளிர், ஈஸ்ட் ரிவரே உறைந்து கிடந்ததால் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது, கிட்டத்தட்ட 700 கட்டடங்கள் சாம்பலாகின.

மனைவி எலைசா அவரைவிடப் பதினேழு வயது இளையவர். இரண்டு பையன்கள், ஆறு பெண்கள். கடைக்குட்டி கெர்ட்ரூட் 1840-ல் இந்த வீட்டிலேயே பிறந்தாள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை அவளிடம்தான் முடியப்போகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் வீடு பெரிதாக ஒன்றும் மிரட்டாது. சிவப்புச் செங்கல், வெள்ளைப் பளிங்குப் படி, கதவுக்கு மேல் விசிறி மாதிரி விரிந்த அரைவட்டக் கண்ணாடி. இது ஃபெடரல் பாணி, அப்போதே கொஞ்சம் பழைய மோஸ்தர். உள்ளே நுழைந்தால் கிரேக்கத் தூண் வந்துவிடும், அது அன்றைய புது மோஸ்தர். வெளியே அடக்கம், உள்ளே பகட்டு, புதுப்பணக்கார வியாபாரிகளின் மனசுக்கு ரொம்பவும் ஒத்துப்போன கலவை.

பெரும்பாலானவர்கள் கூடத்தைப் பார்த்துவிட்டு வியந்துபோய் மற்றதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். கூடத்தில் வியக்கவும் விஷயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்கூடம், பின்கூடம் என்று இரண்டு அறைகள், நடுவில் இரட்டைத் தூண்களும் சுவருக்குள் வழுக்கிப் போகும் மகோகனிக் கதவுகளும். இரண்டிலும் அச்சாக ஒரே மாதிரிக் கறுப்புப் பளிங்குக் கணப்பு, ஒரே மாதிரித் தொங்கும் எரிவாயு விளக்கு. கூரையின் நடுவில் இலையும் பூவுமாகச் சுதையில் செய்த பெரிய வட்டம். இந்தச் சுதை வேலையைத் தலை நிமிர்த்திப் பொறுமையாகப் பாருங்கள், அமெரிக்காவில் அந்தக் காலத்திலிருந்து பிழைத்த சுதை வேலைகளிலேயே உயர்ந்தவற்றில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள், இப்போது அந்த வீட்டுக்கு இருக்கிற பெரிய பயமும் அதைப் பற்றித்தான், அதைக் கீழே சொல்கிறேன். நாற்காலிகள் டங்கன் ஃபைஃப் பட்டறையில் செய்தவை என்று கருதப்படுகிறவை. அந்தக் காலத்து நியூயார்க்கில் ஃபைஃப் செய்த நாற்காலி இருப்பது தனி கௌரவம்.

இந்தக் கூடம் குடும்பம் உட்கார்ந்து பேசுவதற்கான இடம் இல்லை, பிறர் பார்ப்பதற்கான இடம். பெண்கள் பகலில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்த் தங்கள் பெயர் அச்சிட்ட அட்டையைக் கொடுத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது அன்றைக்கு ஒரு கடமை. புத்தாண்டு அன்று ஆண்கள் வரிசையாகத் தெரிந்தவர் வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்குவார்கள், பெண்கள் வீட்டிலேயே இருந்து பலகாரமும் பானமும் வைத்து வரவேற்பார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்பதில் வீட்டுக்கு வீடு போட்டி. டச்சுக்காரர்கள் காலத்திலிருந்து வந்த நியூயார்க் வழக்கம் இது. கல்யாணமும் இதே கூடத்தில்தான், சாவும் இங்கேதான். சீபரி ட்ரெட்வெல் 1865 மார்ச்சில் இறந்தபோது சவப்பெட்டி இருந்தது இங்கே. ஒவ்வொரு அக்டோபரிலும் அந்தத் துக்க வீட்டை அப்படியே அமைத்துக் காட்டுவார்கள்: கண்ணாடிகளைக் கறுப்புத் துணியால் மூடி, கடிகாரத்தை நிறுத்தி, நடுக்கூடத்தில் பெட்டியை வைத்து. நீங்கள் போவது அந்த மாதமாக இருந்தால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சும்மா சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் சவப்பெட்டியைப் பார்த்தால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும்.

என்னைக் கேட்டால் முதலில் கீழே போங்கள், சமையலறைக்கு. வீட்டின் உண்மைக் கணக்கு அங்கேதான் எழுதியிருக்கிறது. பழைய செங்கல் அடுப்புக்கூடம், அதன் பக்கத்தில் ரொட்டி சுடும் குடைவு அடுப்பு, பிற்பாடு வந்த வார்ப்பிரும்பு அடுப்பு, கல் தொட்டி, அதற்கு மேல் ஒரு கைப்பம்பு. அந்தப் பம்பு பின்கட்டில் பூமிக்கு அடியில் இருக்கிற 4,000 கேலன் தொட்டியிலிருந்து மழைத்தண்ணீரை இழுக்கும். லிட்டரில் பதினைந்தாயிரம். வீடு கட்டியபோது ஊருக்கு நல்ல குழாய்த் தண்ணீர் கிடையாது, காலராவும் பெருந்தீயும் உலுக்கி எடுத்த பிறகுதான் நாற்பது மைல் தள்ளியிருந்த குரோட்டன் ஆற்றிலிருந்து கால்வாய் கட்டி 1842-ல் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெற்றோர், எட்டுப் பிள்ளைகள், வந்து போகும் உறவினர். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கணப்பு, அதற்கெல்லாம் நிலக்கரி தூக்கிப் போக வேண்டும், சாம்பலைக் கீழே கொண்டுவர வேண்டும். முகம் கழுவச் சுடுதண்ணீர் மேலே, அழுக்குத் தண்ணீர் கீழே. கழிப்பறை பின்கட்டில், இரவில் கட்டிலுக்கடியில் பானை, காலையில் அதையும் யாராவது தூக்க வேண்டும். துணி துவைப்பது ஒரு நாள் முழுக்க, இஸ்திரி போடுவது மறுநாள் முழுக்க. எரிவாயு விளக்கு வந்தபிறகு கண்ணாடியில் படிகிற புகையைத் துடைப்பது தனி வேலை. இத்தனையையும் செய்தவர்கள் பொதுவாக நான்கு பெண்கள், பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த இளவயதுக்காரிகள். அங்கே 1845-க்குப் பிறகு உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது கப்பலேறியவர்களில் திருமணமாகாத பெண்கள் ஏராளம், நியூயார்க்கில் அவர்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் வீட்டு வேலை. தங்க இடமும் சாப்பாடும் கிடைத்துவிடுவதால் கூலியை மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள், அந்தப் பணத்தில் அடுத்த தங்கை வந்தாள். வளைகுடாவுக்கு ஆள் போகிற குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் படுத்தது உச்சி மாடியில். அந்த மாடிதான் என் கணிப்பில் இந்த வீட்டின் மிக மதிப்புள்ள பகுதி. மன்ஹாட்டனில் அயர்லாந்துக்காரர்கள் வாழ்ந்து, மாறாமல் அப்படியே மிஞ்சியிருக்கும் இடங்களில் மிகப் பழையது இதுதான் என்று மியூசியம் சொல்கிறது. கூடத்தின் பளிங்கிலிருந்து அங்கே ஏறிப் போகும்போது படி குறுகும், சுவரில் அலங்காரம் நிற்கும், கூரை தாழும். வசதியுள்ள வீடுகளின் கூடங்கள் எல்லா நாட்டிலும் பத்திரமாக இருக்கின்றன. வேலைக்காரர் படுத்த அறையை யார் பாதுகாத்து வைத்தார்கள்? இங்கேயும் யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை, உச்சி மாடியில் மராமத்துப் பண்ணப் பணம் இல்லாததால் அப்படியே கிடந்தது.

நடு மாடியில் படுக்கையறைகள். ஐயாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, இரண்டிலும் மேற்கட்டியோடு கூடிய ஒரே மாதிரிக் கட்டில்கள். அதில் ஒரு கட்டிலில்தான் கெர்ட்ரூட் பிறந்தாள் என்றும் அதிலேயே இறந்தாள் என்றும் சொல்வார்கள். வழிகாட்டிகளுக்கு இந்த வரி ரொம்பப் பிடிக்கும்.

சரி, நொடித்துப்போன கதை. ட்ரெட்வெல் வந்த காலத்தில் அது ஊரிலேயே மதிப்பான பகுதி. பக்கத்து லஃபாயெட் தெருவில் கொலனேட் ரோ என்ற பளிங்குத் தூண் வரிசை வீடுகள் 1830-களில் எழுந்தன, ஒன்பதில் நான்கு இன்றும் நிற்கின்றன, கறுத்து உரிந்துபோய். போகிற வழியில் பாருங்கள். ஆனால் அந்த மதிப்பு ஒரு தலைமுறைகூடத் தாங்கவில்லை. 1849-ல் நாலு தெரு தள்ளி ஆஸ்டர் பிளேஸில் ஒரு நாடக அரங்கின் முன்னால் நடந்த கலவரத்தில் ராணுவம் சுட்டு 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆங்கிலேய நடிகருக்கும் அமெரிக்க நடிகருக்கும் இருந்த போட்டி என்பது வெளிக்காரணம், உள்ளே இருந்தது கையுறை போட்டுக்கொண்டு நாடகம் பார்க்கிறவர்கள் மேல் கூலிக்காரர்களுக்கு இருந்த ஆத்திரம். அதற்கப்புறம் பணக்காரர்கள் ஐந்தாம் அவென்யூவுக்குப் போக ஆரம்பித்தார்கள். விட்டுப்போன வீடுகள் விடுதிகளாயின, கடைகளாயின, அப்புறம் இடிந்து தொழிற்கூடங்களாயின.

சீபரி ட்ரெட்வெல் நகரவில்லை. வயதாகிவிட்டது, கோடையைக் கழிக்க நியூஜெர்சியில் ரம்சன் என்ற ஊரில் பண்ணையும் இருந்தது, இது போதும் என்று நினைத்திருப்பார். அவர் போனபிறகு எலைசா 1882 வரை இருந்தார். எட்டுப் பிள்ளைகளில் மணம் முடித்தவர்கள் மூன்றே பேர். பெண்களில் நால்வர் கன்னியாகவே இருந்துவிட்டார்கள். கெர்ட்ரூட் ஒரு கத்தோலிக்க மருத்துவரை விரும்பினாள், புராட்டஸ்டன்ட் பிரிவான எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்த அப்பா மறுத்துவிட்டார், அதனால்தான் அவள் கடைசிவரை தனியாக இருந்தாள் என்று ஒரு கதை சொல்வார்கள். நான் அதில் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. கல்யாணம் ஆகாத பெண் என்றால் ஊர் ஒரு காதல் தோல்வியைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும், அவளுடைய மூன்று அக்காக்களுக்கும் சேர்த்து யாரும் மருத்துவர்களைத் தேடவில்லையே.

வருமானம் சுருங்க, சுற்றிலும் பட்டறைப் புகை ஏற, அக்கா ஜூலியா 1909-ல் போன பிறகு கெர்ட்ரூட் இருபத்துநான்கு வருடம் அந்த வீட்டில் தனியாக இருந்தாள். அப்பா வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள் என்பார்கள். பிடிவாதமும் இருந்திருக்கும், மாற்றப் பணம் இல்லாததும் இருந்திருக்கும், வறுமை ஒரு கட்டத்துக்கு மேல் பிடிவாதம் மாதிரியே தெரியும். 1933-ல் தொண்ணூற்று மூன்று வயதில் இறந்தாள். அமெரிக்கா முழுக்கப் பொருளாதாரம் படுத்துக்கிடந்த வருடம் அது. வீடு அடமானத்தில் இருந்தது. அதோடு மூழ்கியிருக்க வேண்டும், சாமான் ஏலம் போயிருக்க வேண்டும்.

தடுத்தவர் ஜார்ஜ் சாப்மன். தூரத்துச் சொந்தம், தொழில் வக்கீல். கடனைத் தீர்த்து வீட்டை உள்ளே இருந்த எல்லாவற்றோடும் வாங்கி 1936-ல் மியூசியமாகத் திறந்தார். நியூயார்க்கில் அப்போது பழைய கட்டடத்தைக் காப்பாற்றச் சட்டம் எதுவும் கிடையாது. அரசரோ அதிபரோ தளபதியோ பிறந்த வீடாக இருந்தால் யாராவது கவலைப்படுவார்கள், ஆணி விற்றவர் வீட்டுக்கு யார் கவலைப்படப் போகிறார்கள்? சாப்மனின் கணக்கு வேறு: வரலாற்றில் பேர் வராத ஒரு வியாபாரக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதே காட்சிதான் என்றார். அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான யோசனை.

ஆனால் யோசனை கூரை ஒழுகுவதை நிறுத்தாது. சாப்மன் 1959-ல் இறக்கும்போது வீடு பரிதாபமான நிலையில் இருந்தது. 1960-களில் திரைச்சீலையையும் விரிப்பையும் சரிசெய்யலாம் என்று உள்ளலங்காரக் கலைஞர்களான பெண்களின் சங்கம் ஒன்று கை கொடுத்தது, உள்ளே போய்ப் பார்த்தால் துணி அல்ல பிரச்சினை, சுவரும் கூரையுமே. அப்போது வந்தவர் ஜோசப் ரொபர்ட்டோ என்ற கட்டடக் கலைஞர். அவரும் உள்ளலங்காரக் கலைஞரான மனைவியும் சேர்ந்து வருடக்கணக்கில் அதில் உழைத்தார்கள். 1979-ல்தான் மறுபடி திறந்தார்கள். ரொபர்ட்டோவின் வேலையில் எனக்குப் பிடித்த விஷயம், அவர் வீட்டைப் புதுசாக்கவில்லை. தாங்காத உத்தரத்தை மாற்றினார், தாங்குகிற பழசை அப்படியே விட்டார், அசல் துணி கிழிந்த இடத்தில் அதே நெசவில் புதுசு செய்துவைத்து அசலைப் பத்திரப்படுத்தினார்கள்.

நடுவில் ஊரும் கொஞ்சம் திருந்தியது. 1963-ல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை, அந்தப் பிரம்மாண்டமான கல் மண்டபத்தை, இடிக்க ஆரம்பித்தபோது மக்களுக்கு உறைத்தது. 1965-ல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் மன்ஹாட்டனில் முதலில் அறிவித்த கட்டடம் இந்த வீடுதான். அது வெளிப்புறத்துக்கு, உள்புறத்துக்கும் 1981-ல் தனியாகப் பாதுகாப்பு கிடைத்தது, இரண்டும் சேர்ந்து கிடைத்த குடியிருப்புகள் அந்த ஊரிலேயே ரொம்பக் கொஞ்சம்.

அப்படியும் நிம்மதி இல்லை. மேற்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு ஒற்றை மாடிக் கொட்டகை. அதை இடித்துவிட்டு எட்டு மாடி ஓட்டல் கட்ட ஒரு மனைக்காரர் கேட்டார், பத்து வருடத்துக்கு மேலாக இழுத்துக்கொண்டிருக்கிறது. நகரத்தின் பழங்கட்டடப் பாதுகாப்பு ஆணையம் சம்மதித்தது, 2018-ல் நகர மன்றம் மறுத்துவிட்டது, திருத்திய திட்டத்துக்கு 2023 டிசம்பரில் ஆணையம் மறுபடி சம்மதித்தது. மியூசியத்தின் வாதம் ரொம்பச் சுலபமாகப் புரியக்கூடியது: பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டினால் ஒட்டிய செங்கல் சுவர் கொஞ்சம் இறங்கும், கால் அங்குலம் இறங்கினால் செங்கல் தாங்கிக்கொள்ளும், ஆனால் இருநூறு வருடத்துச் சுதை தாங்காது, விரிசல் விட்டால் அப்படியே பெயர்ந்து விழும், ஒட்டவைத்தால் அது பழைய சுதை இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த வீடு இப்போது நியூயார்க் நகரத்தின் சொத்து, நடத்துவது ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு. தன் சொத்துக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டத் தானே அனுமதி கொடுக்கிற நகரம் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரிந்த ஒரு எஞ்சினியர் கேட்டார், நம்மூரில் நிறைய உண்டு என்றேன்.

பேய் பற்றியும் கேட்பீர்கள், அந்த வீட்டைத் தேடினாலே அதுதான் முதலில் வரும். கெர்ட்ரூட் இன்னும் நடமாடுகிறாள், பியானோ தானாக ஒலித்தது என்றெல்லாம் சொல்கிறார்கள், மியூசியமே மெழுகுவத்தி வெளிச்சத்தில் பேய்ச் சுற்றுலா நடத்துகிறது. டிக்கெட் காசு கூரைக்குப் போகிறது என்பதால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முதல் முறை போகிறவர்கள் பகலில் போங்கள். இருட்டில் சுதையும் தெரியாது, சமையலறையும் தெரியாது, படியிலும் கவனம் வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் படம் முழுமையாகும் என்பது என் பிடிவாதம். கிளம்பித் தென்கிழக்கே இருபது இருபத்தைந்து நிமிடம் நடந்தால் 97 ஆர்ச்சர்ட் தெரு, டெனமென்ட் மியூசியம். 1863-ல் லூகாஸ் கிளாக்னர் என்ற ஜெர்மானியத் தையல்காரர் கட்டிய வாடகைக் குடியிருப்பு. ஐந்து மாடி, 22 வீடுகள், ஒவ்வொன்றும் 325 சதுர அடிக்குள் மூன்று அறை. 1935 வரைக்கும் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த சுமார் 7,000 பேர் அங்கே மாறி மாறிக் குடியிருந்தார்கள். மாடிப்படியைத் தீப்பிடிக்காதபடி மாற்ற வேண்டும் என்று சட்டம் வந்ததும் வீட்டுக்காரர் அந்தச் செலவைச் செய்வதைவிடக் குடித்தனக்காரர்களைக் காலி பண்ணுவதே லாபம் என்று மேல் மாடிகளைப் பூட்டிவிட்டார். கீழே கடைகள் மட்டும் நடந்தன. 1988-ல் ரூத் ஏப்ராம், அனிதா ஜேக்கப்சன் என்ற இரண்டு பேர் மியூசியத்துக்கு இடம் தேடிக்கொண்டு வந்தபோது மேலே அரை நூற்றாண்டு சாத்திக்கிடந்த அறைகள், அடுக்கடுக்காக ஒட்டிய சுவர்த்தாள்களோடு அப்படியே இருந்தன. அங்கே கும்பெர்ட்ஸ் என்ற குடும்பத்தின் வீட்டைக் காட்டுவார்கள்: கணவன் 1874-ல் ஒரு காலை வேலைக்குப் போனவன் திரும்பவே இல்லை, நடாலி தையல் தைத்துப் பிள்ளைகளை வளர்த்தாள். அதே வருடங்களில் ஈஸ்ட் ஃபோர்த் தெருவில் ட்ரெட்வெல் சகோதரிகள் பின்கூடத்தில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடமும் தப்பியதற்குக் காரணம் ஒன்றுதான், செலவு செய்ய ஆள் இல்லை. ஒன்றில் பணம் இல்லை, இன்னொன்றில் மனசு இல்லை.

இனி நடைமுறை விஷயங்கள். மெர்ச்சன்ட்ஸ் ஹவுஸ் வாரம் முழுக்கத் திறந்திருக்காது, கிளம்புமுன் அவர்கள் தளத்தில் நாளையும் நேரத்தையும் பார்த்துவிடுங்கள். ஆஸ்டர் பிளேஸ் ரயில் நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை, இறங்குகிற இடத்திலேயே கூப்பர் யூனியன் கட்டடம், அதிபராகும் முன் 1860-ல் லிங்கன் வந்து பேசிய மண்டபம் அதன் அடித்தளத்தில் இருக்கிறது. உள்ளே வழிகாட்டியோடும் சுற்றலாம், குறிப்புப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு தனியாகவும் சுற்றலாம். அப்பா அம்மா கூட இருந்தால் இரண்டாவதுதான் வசதி, அவர்கள் வேகத்துக்குப் போகலாம், ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் பேசுகிறவர் பின்னால் ஓட வேண்டாம். கோடையில் வந்தால் பின்கட்டுத் தோட்டத்தில் கொஞ்சம் உட்காரலாம். டெனமென்ட் மியூசியத்தில் அப்படி இல்லை, வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், சிறு சிறு குழுவாக, நேரம் குறித்த டிக்கெட், வார இறுதியில் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் அதை முதலில் பதிவு செய்துவிட்டு அந்த நேரத்துக்கு ஏற்றபடி இதை முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள்.